மெஷின் சத்தத்துக்கு முன்னால் வைத்த மணி

எங்கள் தோட்டத்துக் கோயில் பஜனையில் நான்தான் கீபோர்டு வாசிப்பேன். பஜனையைப் பதிவு செய்யலாமே என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் இசை அமைப்பதைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். எங்கள் லயத்து வீடுகளுக்குள் செல்போன் வரத் தொடங்கிய காலம் அது. இசை அமைப்பதை என்னிடம் முதலில் கற்க வந்தவள் என் கொழுந்தியாள். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் உறைந்த ரப்பர் பாலை உருளை மெஷினில் விட்டு ஷீட் ஆக்குவது அவள் வேலை.

சத்தங்களை எப்படி வெட்டி ஒட்டுவது, தாளம் பிசகாமல் எப்படித் திரும்பத் திரும்ப ஓடவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். ஒருநாள் இரவல் போனில் உருளை மெஷினின் சத்தத்தைப் பிடித்து வந்து, அந்தக் கடகடப்பையே தாளமாக்கி, மேலே மெல்லிய ராகம் ஒன்றை ஓடவிட்டாள்.

"அங்க நாள் பூரா கேக்குறது பத்தாதுன்னு மெஷின வீட்டுக்கே கொண்டாந்துட்டியாடி?" என்று என் மனைவி சிரித்தாள்.

"நல்லா கேளுக்கா. நிக்காம ஓடுதுல்ல? அதுதான் பாட்டே."

தெரணியகலை டவுனுக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் அதைச் சனிக்கிழமை பஸ்ஸில் போடுவதாகச் சொல்லியிருந்தார். அவள் செய்த ஒன்றை நாலு பேர் கேட்கப் போவது அதுதான் முதல் தடவை. சீடியில் ஏற்றித் தருவது என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பிள்ளையார் பாட்டு இல்லாமல் நாங்கள் பஜனை தொடங்குவதில்லை. இவளுடைய முதல் பாட்டு இரைச்சலோடு தொடங்குவதா என்று மனசு கேட்கவில்லை. முன்னால் கோயில் மணியை வைத்தேன். மணிக்குப் பின்னால் மெஷின் சத்தம் அபசகுனமாகப் பட்டது. அதை எடுத்துவிட்டுத் தபேலா போட்டேன். அதே பெயரில் சேமித்தும்விட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பஸ்ஸில் மணி ஒலித்ததும் நம் சனங்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜன்னலோரம் இருந்தவள் மெஷின் சத்தம் வரும், வரும் என்று காத்திருந்தாள். பாட்டு முடிந்தது.

"ஷோக்! இது யாரு செஞ்சது, நங்கி?" என்று கண்டக்டர் பாராட்டி, தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் அவளைக் கேட்டான்.

அவள் என்னைக் காட்டினாள். "எங்க மச்சான் செஞ்சது" என்று சிங்களத்திலேயே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "என்னோடத எடுத்துக் குடுங்க மச்சான்."

"அதுக்கு மேலயே சேமிச்சுட்டேன்மா. போன்ல இருக்குமே?"

"போன திருப்பிக் குடுக்கறப்ப அழிச்சுட்டுத்தானே குடுத்தேன்."

"மெஷின் அங்கதானே இருக்கு, மறுபடி பிடிச்சுக்கலாம்."

"ஆமா, இருக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு மூன்று நான்கு பேர் என்னிடம் கற்றார்கள். அவர்கள் வேலையைக் காட்டும்போது கைகளை மடியில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் இதே லயத்தில் மூன்று காம்பிரா தள்ளித்தான் இருக்கிறாள்.