சமையலறைக்கு வராத சிக்னல்

என் மனைவி மெல்போர்னுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தபோது, நான் சொன்ன ஒரு வாக்கியத்தின் கடைசி இரண்டு வார்த்தைகள் எங்கள் கரோல் பாக் வீட்டுச் சமையலறையிலேயே நின்றுவிட்டன. அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளை அனுப்பிவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

மகளுக்குத் தலைப்பிரசவம் என்று போனவள். நானும் கூடப் போயிருக்கலாம். ஆனால் ஆபீசில் எனக்குக் கடைசி வருஷம். பென்ஷன் காகிதங்கள் மேஜை விட்டு மேஜை போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் ஆள் நின்றால்தான் அவையும் நகரும். ஜூன் கடைசியில் அவள் திரும்பி வருவதாக டிக்கெட் எடுத்திருந்தோம்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் கிளம்புமுன், ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பேசுவேன். "சாப்பிட்டீயளா?" "இனிமேத்தான்." "வெயிலு?" "கொளுத்துது." "பிள்ளை?" "தூங்குது." அவ்வளவுதான். தந்தியடித்த காலத்தில்கூட ஜனங்கள் இதைவிட இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருப்பார்கள்.

எங்களுக்குள் பேச்சு என்று ஒன்று உண்டென்றால் அது சமையலறையில்தான். திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்த நாள் முதல் அப்படித்தான். அவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வெண்டைக்காயோ அவரையோ நறுக்குவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்த ஏற்பாட்டில்தான் எனக்கு மனதில் உள்ளது வாயில் வரும். என் அண்ணனோடு இருந்த மனஸ்தாபம் தீர்ந்ததும், மகளை அவ்வளவு தூரம் கட்டிக்கொடுக்கச் சம்மதித்ததும் அந்த ஸ்டூலில்தான். சோபாவில் உட்கார்ந்தால் நான் ஆபீஸ் ஆள். "ஆகட்டும்", "பார்க்கலாம்" தவிர வேறொன்றும் வராது.

நெட்டுக்கு இது எப்படித் தெரியும்? ரூட்டர் ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், கூலரை ஒட்டி இருந்தது. ஹாலுக்குப் பின்னால் படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையலறை. பழைய வீடு, சுவர்கள் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் போல. போனை எடுத்துக்கொண்டு படுக்கையறை வாசலைத் தாண்டினால் அவள் முகம் சதுரம் சதுரமாக உடையும். இன்னும் நாலு எட்டு வைத்தால் வாய் திறந்தபடி நின்றுபோவாள். போனின் சொந்த சிக்னலும், சமையலறை இருக்கும் அந்தப் பின்சந்துப் பக்கத்தில் ஒரு கோடுதான், அதுவும் வந்துவந்து போகும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஒரு ஓட்டப்பந்தயம். இங்கே பதினோரு மணி, அங்கே பிற்பகல் மூன்றரை. போனை ஹாலில் நிறுத்திவிட்டு, நான் கரண்டியோடு ஓடி வந்து காட்ட வேண்டும்.

"ஏங்க, பருப்பு என்ன நிறத்துல இருக்கு?"

"மஞ்சளா."

"மஞ்சத்தூள் போட்டா மஞ்சளாத்தான் இருக்கும். வெந்துட்டா வேகலையான்னு கேக்கேன்."

"இந்தா, கொண்டாந்து காட்டுதேன்."

"கொதிக்கிற கரண்டியோட ஓடாதீய! விழுந்துகிழுந்து வச்சா நான் அங்க எப்படி வருவேன்?"

அந்த ஞாயிறு உளுந்தஞ்சோறு. தொலி உளுந்து தெருமுனையிலேயே கிடைத்தது. நல்லெண்ணெய் மட்டும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வந்திருந்தேன். குக்கரில் விசில் வரும் சமயம். போனைக் கையில் வைத்துக்கொண்டே சமையலறைக்கு நடந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"ஏங்க, இவ இன்னும் மூணு மாசம் இருந்துட்டுப் போம்மான்னு சொல்லுதா. வேலைக்குத் திரும்பணுமாம். விசாவும் இருக்காம். நீங்க என்ன சொல்லுதீய?"

அதற்குள் நான் சமையலறைக்குள் வந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதனால்தான் வார்த்தை வந்தது. "இருக்கணும்னா இரு. ஆனா எனக்குக் கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

திரும்பிப் பார்த்தால் பாதிக் கண் மூடியபடி உறைந்திருக்கிறாள். ஹாலுக்கு ஓடினேன். அவளுக்கு உயிர் வந்தது.

"சரி. கஷ்டம் இல்லைன்னுட்டீய. அப்போ டிக்கெட்டை மாத்தச் சொல்லிருதேன். அடுத்த வாரத்துக்குள்ள மாத்தணுமாம்."

அவள் குரலில் ஏதோ ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டது. அப்போதே "இல்லட்டி, நான் முழுசாச் சொன்னது அப்படி இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் பின்னால் மகள் வேறு வந்து நின்றாள். "ம்" என்றேன்.

தமிழில் இதுதான் தொல்லை. என் ஆபீசில் ஹிந்திக்காரர்கள் 'நஹீ' என்பதை முதலிலேயே போட்டுவிட்டு அப்புறம்தான் வினைக்கு வருவார்கள். அதற்குப் பிறகு லைன் அறுந்தாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். நாமோ எல்லாவற்றையும் சொல்லி, எதிரில் இருப்பவரைக் கடைசிவரை உட்கார வைத்து, நுனியில்தான் 'மாட்டேன்' என்று தொங்கவிடுகிறோம். நெட் அறுகிற இடமும் சொல்லிவைத்தாற்போல் அந்த நுனிதான்.

எழுதி அனுப்பலாமே என்று திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது முயன்றேன். 'நேற்றுப் பேசிய விஷயம் சம்பந்தமாக' என்று விரல் ஆரம்பித்தது. முப்பத்தைந்து வருஷம் ஆபீஸ் நோட் எழுதிய விரல். அழித்துவிட்டேன்.

சாயங்காலம் சிக்னலை நீட்டித் தரும் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தேன். "லகாவோ அவுர் பூல் ஜாவோ" என்றார் கடைக்காரர். மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். சமையலறைக்குத்தானே சிக்னல் வேண்டும் என்று மிக்ஸிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுநாளும் சிவப்பு. மறக்க முடியவில்லை.

டிக்கெட் பற்றி அவள் அந்த வாரக் காலைகளில் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிடுவாளோ என்று, அவள் "அப்புறம்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்குப் பேருந்து வந்துவிட்டது, மீட்டிங் வந்துவிட்டது.

சனிக்கிழமை நெட் ரிப்பேர்க்காரர் வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், தோளில் வயர்ச் சுருள், பேச்சில் பீகார். மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார்; அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டது போலிருந்தது.

"அங்கிள்ஜி, இது செவிட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தனக்கே கேட்காததை அடுத்தவருக்கு எப்படிச் சொல்லும்? பாதி வழியில் வையுங்கள். அங்கே கேட்டு, இங்கே சொல்லும்."

அவர் பேசியது ஹிந்தியில். கேட்டதும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று, டீ போட்டேன். ரூட்டரைக் கூலரிடமிருந்து பிரித்து எதிர்ச் சுவரில் உயரமாக மாட்டினார். "கூலர் வெளியே இரும்பு, உள்ளே தண்ணீர். இரண்டுமே நெட்டைக் குடிக்கும்." சின்னப் பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். பச்சை விளக்கு வந்தது. சமையலறையில் போனைப் பார்த்தேன். ஒரு கோடு இரண்டானது. படம் இன்னும் உடைந்தது.

அவர் படுக்கையறைக்குத் திரும்பி, சமையலறைச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற இரும்பு பீரோவைத் தட்டினார். "தீவார் ஸே நெட் லட் லேதா ஹை. லோஹே ஸே ஹார் ஜாதா ஹை." சுவரோடு நெட் சண்டை போடும், இரும்பிடம் தோற்றுவிடும். "இதை நகர்த்துங்கள்."

"அது முடியாது."

"ஏன்?"

கன்னி மூலை. குடிவந்த அன்றைக்கே என் மனைவி தென்மேற்கு மூலை பார்த்து நிறுத்தி, "இது இங்கேயிருந்து அசையக் கூடாது" என்று சொன்ன பீரோ. கன்னி மூலையை ஹிந்தியில் எப்படிச் சொல்வது? "கன்யா கோனா ஹை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கன்யா? ஓ, மகளுடைய அலமாரியா? மகளிடம் கேட்டுவிட்டு நகர்த்தலாமே."

இந்தச் சத்தத்தில் கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் மேலே வந்துவிட்டார். எந்த வீட்டில் எதை நகர்த்தினாலும் அவர் வருவார். விஷயம் கேட்டதும், "மெட்ராஸி பாய் ஸாப், நாலு விரல் நகர்த்தினால் மூலை கோபித்துக்கொள்ளாது" என்று தோளைக் கொடுத்தார். மூன்று பேரும் தள்ளினோம். உள்ளே முப்பது வருஷப் பட்டும் நூலும். பீரோ அசையவில்லை, முனகக்கூட இல்லை.

"பாபி இதற்குள்தான் இருக்கிறார் போல!" என்றார் பஞ்சாபிக்காரர், மூச்சிரைக்க. என் மனைவி அவருக்கு பாபி, அதாவது அண்ணி.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ரிப்பேர்க்காரர் அப்படியே மேலே பார்த்துக்கொண்டு நின்றார். "அங்கிள்ஜி, அங்கே ரோஷன்தானில் என்ன?"

டெல்லிக்கு வந்த புதிதில் வீட்டுக்காரர் "ரோஷன்தான் ஹை" என்று பெருமையாகக் காட்டியபோது, ரோஷன் என்று யாரோ ஒருவர்தான் இங்கே ஏற்கெனவே இருக்கிறார் என்று நினைத்துப் பயந்தவன் நான். சுவரின் உச்சியில், வெளிச்சம் வர விடும் சதுர ஓட்டை அது. எங்கள் வீட்டில் அது படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில், பீரோவுக்கு நேர் மேலே இருந்தது. அதில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

அது அவள் வேலை. வந்த இரண்டாம் வருஷம் ஒரு கல்யாண வரவேற்பில், அவள் பட்டுச்சேலையை முகர்ந்து பார்த்து ஒரு பெண், "இன்றைக்கு உங்கள் வீட்டில் சாம்பாரா?" என்று சிரித்திருக்கிறாள். மறுநாளே கடை முழுக்க அலசி, ஓட்டைக்குச் சரியான அளவில் தாம்பாளம் வாங்கி, ஸ்டூலில் ஏறித் தானே கட்டினாள். தாளிப்புப் புகை பீரோவுக்குப் போகாமல் அது காவல் காத்தது. நான் அதைப் பார்ப்பதையே மறந்திருந்தேன்.

கம்பியை அறுத்தோம். சமையலறை ஜன்னல் வெயில் ஒரு சதுரமாகப் படுக்கையறைத் தரையில் வந்து விழுந்தது. ரிப்பேர்க்காரர் சின்னப் பெட்டியை பீரோவின் தலைமேல், அந்த ஓட்டைக்கு நேராக வைத்தார். சமையலறையில் போனைப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் இருந்தன.

"ஜஹான் ரோஷ்னி, வஹான் நெட்" என்றார். வெளிச்சம் போகிற வழியில் நெட்டும் போகும்.

பஞ்சாபிக்காரர் கையைத் தட்டிக்கொண்டே இறங்கினார். "இனி பாபியிடம் சொல்லுங்கள், சீக்கிரம் திரும்பி வரட்டும்!" அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரிடமும் சொல்கிற பேச்சுதான்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போனைப் பெருங்காய டப்பாவில் சாய்த்து அடுப்பு மேடையில் நிறுத்தினேன்.

"எங்க நிக்கீய? அது நம்ம சமையலறையா?"

"ஆமா."

"தெளிவாத் தெரியுதே! மேடையைத் துடைக்கவே மாட்டீயளா? அது என்ன மேல... தாம்பாளத்தை எடுத்துட்டீயளா? சேலையெல்லாம் நாறிப் போகுமே!"

"நாறட்டும்."

நான் போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உளுந்தைக் களைய ஆரம்பித்தேன். இரண்டு தண்ணீர் மாற்றினேன்.

"ஏட்டி, போன வாரம் நான் சொன்னது உனக்கு முழுசா வந்து சேரலை. இருக்கணும்னா இரு. ஆனா எனக்குக் கஷ்டம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

பின்னால் சத்தமே இல்லை. போன வாரமாக இருந்தால் ஹலோ, ஹலோ என்று கத்தியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஜன்னல் திரை அசைந்துகொண்டிருந்தது. அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"கடைசியில என்ன சொன்னீய? இன்னொரு தடவை சொல்லுங்க."

"மாட்டேன்."

"இன்னொரு தடவை சொல்ல மாட்டேங்கீயளா, இல்லை அதுதான் கடைசி வார்த்தையா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டிக்கெட்டை இன்னும் மாத்தலை. அவ தினமும் கேக்கா. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டிருக்கேன். காலையில உங்ககிட்டச் சொல்லலாம்னு வாயெடுத்தா உடனே உங்களுக்குப் பஸ் வந்துருது."

"ம்."

"மூணு மாசம் என்னாலயும் முடியாதுங்க. ஆனா இப்பவே கிளம்பி வரவும் மனசு வர மாட்டேங்குது. பிள்ளை இப்பத்தான் ஆள் பார்த்துச் சிரிக்குது. என்னைப் பார்த்துத்தான் முதல்ல சிரிச்சுது." மடியில் கிடந்த ஒரு துணியை எடுத்து உதறினாள். "ஆடி கழியட்டும். ஆவணி பிறந்ததும் வந்திருதேன். சரியா?"

ஜூன் இல்லை. செப்டம்பரும் இல்லை. "சரி" என்றேன். சோபாவில் சொல்லும் சரி இல்லை அது. அவளுக்கு அது தெரிந்திருக்கும்.

"பூண்டு உரிச்சாச்சா?"

"இப்பத்தான் உரிக்கப் போறேன்."

"உரிங்க."

உரித்தேன். அவள் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் கைக்குட்டை அளவுத் துணிகள். குக்கரை மூடி வைத்தேன். விசில் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அங்கே பிள்ளை முழித்துக்கொண்டு வீறிட்டதும், "இந்தா வந்துட்டேன்யா" என்று எழுந்து ஓடினாள். ஓடின வேகத்தில் போனை அணைக்க மறந்துவிட்டாள். நானும் அணைக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு, ஸ்டூலைப் போனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பாதி மடித்த துணியும் காலி நாற்காலியும் துளிகூட உடையாமல் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.