அம்மாவின் கையில் கன்றிய நீலம்

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அம்மாவின் இரண்டு கைகளும் நீலம் நீலமாகக் கன்றிப்போயின. விழுந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வீட்டில் எங்களைத் தவிர அத்தை மட்டும்தான். அப்பாவின் அக்கா. தைப்பிங்கிலிருந்து துணைக்கு வந்தவர். தளர்ந்துபோன அம்மாவைக் குளிப்பாட்டுவது அவர்தான். சாவு வீட்டில், “என் தம்பிய இவ சரியாப் பாத்துக்கலே” என்று அழுதவர். எனக்குச் சந்தேகம் வராதா?

ஈப்போவில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஒருநாள் மதியமே சொல்லாமல் திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அதையும் நான் நம்பவில்லை. ஆள் பார்க்கும்போது எல்லாரும் நல்லவர்தானே.

வெள்ளிக்கிழமை நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. முனியாண்டி சாமி மட்டும் அங்கேயே இருக்கிறார். “அம்மாவ நோகடிக்கிற கைய எனக்குக் காட்டு சாமி” என்று அழுதேன்.

மறுநாள் காலை அம்மா பல் துலக்கும்போது வாயெல்லாம் ரத்தம். அத்தை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். அவர் கத்தவில்லை.

“நான் அடிச்சேன்னே வச்சுக்க. மொதல்ல இவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். அப்புறம் நான் பஸ் ஏறிக்கிறேன்.”

வீட்டிலிருந்த மாத்திரை எல்லாவற்றையும் அத்தைதான் பையில் அள்ளிப் போட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

“இத யாரு குடுக்கிறது?”

“நான்தான் அக்கா. கேஸ்ட்ரிக் மாத்திரைதானே” என்றேன்.

அம்மாவுக்கு இருதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க வருடக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறார். அப்பா போனபின் சரியாகச் சாப்பிடாமல் நெஞ்செரிச்சல் வந்தது. நான் தனியார் கிளினிக்கில் மருந்து வாங்கினேன். அங்கே வால்வைப் பற்றிச் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, வெளியே மருந்து வாங்கினால் நர்ஸ் மிஸ்ஸி திட்டுவார் என்று இதையும் மறைத்தேன். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான்.

இந்த கேஸ்ட்ரிக் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிட்டதாம். சாப்பாடும் இல்லாததால் இன்னும் மோசம். குளிப்பாட்டப் பிடித்துத் தூக்கினாலே கன்றிவிடுமாம்.

தினமும் காலையில் அதை அம்மாவுக்குக் கொடுத்தது என் கை. முனியாண்டி காட்டிவிட்டார்.

அம்மா நான்கு நாள் வார்டில் இருந்தார். டாக்டர் மருந்தை மாற்றினார். பிழைத்துக்கொண்டார். நான் அத்தை காலில் விழுந்தேன்.

“அப்படியே ஒங்கப்பன்தான் நீ. மொதல்ல சண்ட, பொறவுதான் விசாரண. எந்திரி, போய்ச் சாப்பிடு” என்றார்.

இதைப் படிக்கிறவர்களே, சாமியிடம் கேளுங்கள், காட்டுவார். நாம் நினைத்த ஆளைக் காட்டமாட்டார், அவ்வளவுதான். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள், நெஞ்செரிச்சல் மாத்திரையைக்கூட. அத்தை இன்னும் பஸ் ஏறவில்லை. அப்பா இல்லாத வீட்டில் இப்போது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.