சத்தம் போடாத சக்களத்தி

கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து எனக்கு ஒரு சக்களத்தி வந்தாள். சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடுவாள். பெயர் மதர்போர்டு.

வந்த காரணம் நியாயமானதுதான். மலேசியாவிலிருந்து மகள் அனுப்பும் பேரன் படங்களால் எங்கள் இரண்டு செல்போனும் நிரம்பிவிட்டன. யாங்கோனில் இணையம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே சேர்த்து வைக்க ஒரு பெட்டி செய்யப் போகிறேன் என்றார் என் கணவர். செய்யட்டும் என்றேன். அங்கேதான் ஏமாந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் கால் மணி நேரம்கூட உட்காரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு "சரி" என்று போய்விட்டார். இவளைப் பார்க்கவோ இரண்டு மாதம். க்யிம்யிண்டைங் சந்தையில் எங்கள் துணிக்கடையைச் சாத்தியதும் கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கிளம்பிவிடுவார். சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வேகமான பிராசசர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்கு ஃபேன் வேண்டும், ஃபேன் இரையும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும் என்றார். கடைசியில் ஒரு கடைக்காரர், பிராசசரைப் பலகையிலேயே பதித்து, ஃபேனுக்குப் பதில் அலுமினியத் தகடு வைத்த ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் குடிக்கும்?" என்று பர்மிய மொழியில் கேட்டார் இவர்.

"பத்து வாட்டுக்குள்ளதான், ஊலே," என்று மாமா முறை வைத்துச் சொன்னார் கடைக்காரர்.

ஓடவிடச் சொல்லி, குனிந்து காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறேன் என்று இந்த மனிதர் ஒருநாளாவது விசாரித்தது உண்டா? எனக்குக் காது கொடுத்துத்தான் எத்தனை காலம்!

"ஹார்ட் டிஸ்க் ரெண்டுதான் மாட்டலாமாமே?" என்று குறை சொல்லிப் பார்த்தேன்.

"நமக்கு ரெண்டு போதும்மா," என்றார். அவளை ஒரு சொல் சொல்ல விடவில்லை.

இன்வெர்ட்டர் ஒயர் அங்கேதான் எட்டும் என்று, என் தலைமாட்டு அலமாரியிலேயே அவளைக் குடிவைத்தார். என் துணிமணி கட்டிலுக்கு அடியில் போயிற்று. கரண்ட் வந்ததும் தெருவே "மீ லா ப்யீ" என்று கூவும். மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டார் போட ஓடுவார்கள். இவர் அவளிடம் ஓடுவார். இன்வெர்ட்டரிலிருந்து மாறும்போது அணைந்துவிட்டாளோ என்று பயம். சத்தமே போடாதவள் ஆயிற்றே, உள்ளங்கையை மேலே வைத்துத்தான் பார்ப்பார். வெதுவெதுப்பு தெரிந்தால் நிம்மதி.

மழை பிடித்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான் சொல்லவில்லை. அவராகக் கேட்கட்டும் என்ற வீம்பு. மறுநாள் மதியம் அவர் சாப்பிட வந்த நேரத்தில் கரண்ட் வந்தது. உள்ளே வந்தவர், கட்டிலில் சுருண்டு கிடந்த என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவளைத் தொட்டார்.

"நல்லா இருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"நானும்தான் சத்தம் போடல," என்றேன். "என்னையும் தொட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே என் நெற்றியில் கை வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

அவர் கையை எடுக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பார்க்க அழக்கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.