வாசிக்காமல் விட்ட அதிகாரம்

வேதாகமத்தில் முப்பத்தொரு அதிகாரங்கள் கொண்ட ஞான நூல் ஒன்று உண்டு. மன்னார்புரத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் அதுவே நாட்காட்டியாகவும் விளங்கியது. அன்றைய தேதி எதுவோ அந்த அதிகாரத்தை விளக்கேற்றும் வேளையில் அப்பா வாசிப்பார். காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட அவர் இவ்வொழுங்கைத் தவறவிட்டதில்லை.

ஐம்பதுகளின் இறுதியில் ஓர் ஐப்பசி மாதம். அக்டோபர் இருபத்தேழாம் தேதி விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது, கூரை ஒழுகிற்று. அரிசிப் பானைக்கு மேலே சொட்டிய நீரை ஏந்துவதற்கு அம்மா ஓர் அண்டாவை வைத்திருந்தார். அப்பாவின் மூத்த சகோதரியும் கணவரை இழந்து எங்களோடு வாழ்ந்தவருமான அத்தை, வெந்நீர் போட வேண்டி அதை எடுத்துவிட்டார். அரிசி நனைந்தது.

"எடுக்கும்போது மேல ஒரு பார்வை பார்க்கக் கூடாதா அண்ணி?"

"என் தம்பி வீட்டு அண்டாவை எடுக்க உன்கிட்ட சீட்டு வாங்கணுமாக்கும்?"

மாலைக்குள் அத்தையின் புடவைகள் தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்த மருமகன் வீட்டுக்குப் போய்விடுவதாக அறிவித்தார். ரோஷக்காரரான அவர் சண்டையிட்டுப் படியிறங்கினால் மறுபடி ஏறமாட்டார் என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். இரவு அவர் பக்கத்தில் படுத்தால்தான் எனக்கு உறக்கம் வரும். நான் அழுது பார்த்தேன், பயனில்லை.

விளக்கேற்றியதும் பாயின் இரு கோடிகளில் அம்மாவும் அத்தையும் அமர்ந்தனர். அப்பா வேதத்தைத் திறந்து நெடுநேரம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளைப் பின்னுக்குத் தள்ளி இருபத்தாறை வாசிக்கலானார்.

"அப்பா, இன்னிக்கு இருபத்தேழு!" என்றேன். அவர் தவறுவதையும் நான் திருத்துவதையும் எண்ணிப் பெருமை தாங்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேத்து எனக்குச் சரியாக் காதுல விழல தம்பி. அதையே படி," என்றார் அத்தை.

"ஆமாங்க, எனக்கும்தான். மழைச் சத்தம்," என்றார் அம்மா உடனே.

அன்று முழுவதும் அவ்விருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். எனக்கோ ஆற்றாமை பொங்கியது. முந்தின நாள் ஒரு தூறல்கூட இல்லை; அத்தை அப்பாவுக்கு முன்னதாகவே வசனங்களை முணுமுணுத்ததை நான் கேட்டிருந்தேன். வேதத்தின் முன் அமர்ந்து பெரியவர்கள் பொய் சொல்கிறார்களே என்று திகைத்தேன்.

காலையில் கண் விழித்தபோது புடவைகள் கொடியில் கிடந்தன. தகரப் பெட்டி சுவரோரம் ஈரம்படாத இடத்துக்கு நகர்ந்திருந்தது. அதன்மேல் அரிசிப் பானை ஏறியிருந்தது. மாலையில் அப்பா நேராக இருபத்தெட்டுக்குப் போனார். விட்டுப்போன அதிகாரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என்னையும் கேட்க விடவில்லை.

நான் மணமாகி, நாத்தனாரோடு ஒரே அடுப்பில் சமைத்த நாட்களில்தான் அந்த அதிகாரத்தைத் தனியே நிதானமாக வாசித்தேன். சண்டைக்காரப் பெண்ணை, அடைமழையில் ஓயாது ஒழுகும் கூரைக்கு ஒப்பிடும் வசனம் ஒன்று அதில் இருந்தது. அன்று அந்தக் கூரையின் கீழ் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த வசனம் தன்னைத்தான் சொல்கிறது என்று இருவருமே அஞ்சியதை, அதிகார எண்ணை மட்டும் அறிந்திருந்த அந்தச் சிறுமி அறியவில்லை.