அலமாரியில் நின்ற பாத்திரங்கள்

காக்ஸ் டவுனில், மாதா கோயிலுக்கு எதிர்ச்சந்தில் எனக்கு ஓர் ஆப்பக்கடை இருந்தது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் எனக்கென்று இருந்த மனுஷ சகவாசமே ஞாயிற்றுக்கிழமைக் காலைதான். கோயிலுக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே தூக்குப்பாத்திரத்தைக் கொண்டுவந்து என் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். நிற்கிற பாத்திரத்தைப் பார்த்து அதற்குத் தக்கபடி மாவரைப்பேன். மறுநாள் பூசை முடிந்ததும் ஆப்பம் வாங்கி, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். வாரம் பூராவும் எனக்கு அந்தப் பேச்சுதான் துணை.

ஒரு சனிக்கிழமை, பாத்திரங்கள் வந்து சேர்ந்தபின், பெரிய மோரி போடுகிறோம் என்று சந்தின் வாயையே தோண்டிப் போட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் ஓட வழி வேண்டாமா என்று மேஸ்திரி என்னிடமே நியாயம் பேசினான். போதாததற்கு மழை வேறு. விடிந்து பார்த்தால் எங்கும் சேறு. வெள்ளைச் சேலையும் பாலிஷ் போட்ட பூட்ஸுமாய் வந்தவர்கள் அதை எப்படித் தாண்டுவார்கள்? அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிவிட்டு மார்க்கெட் பக்கத்து ஆப்பக்கடைக்குப் போனார்கள். நானோ எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பள்ளம் தோண்டியவர்களே சாப்பிட்டார்கள். என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன், தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றான். பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஊற்றினேன், பசிக்கிறவனாயிற்றே.

வேலை இழுத்துக்கொண்டே போனது. பின்சந்து வழியாகச் சுற்றி வந்திருக்கலாம், ஒருத்தரும் வரவில்லை. பாத்திரத்தைக் கேட்டும் வரவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. கொடுத்து வைத்த பாத்திரத்தைச் சும்மா கேட்டு வாங்கினால் உறவை முறித்த மாதிரி அல்லவா? பாத்திரம் இங்கே இருக்கிற வரைக்கும் ஆள் நம்முடையவர் என்று நம்பினேன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தேன். ‘உன் வீட்டுக்காரி வருவாளாடி?’ என்று ஒரு பித்தளைத் தூக்கிடம் கேட்டுக்கூட இருக்கிறேன். பைத்தியம்தான், வேறென்ன.

மோரியை மூடித் தார் போட்ட வாரம், அலமாரியைப் பார்த்து அதற்குத் தக்க மாவரைத்தேன். பூசை முடிந்து முதலில் வந்தது பள்ளிக்கூட டீச்சரம்மா. ஆப்பச்சட்டி காய்ந்து தயாராக இருந்தது. எத்தனை வேண்டும் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“பாத்திரத்த மட்டும் குடுங்கக்கா. அடுத்த வாரத்துக்கு மார்க்கெட் கடைல வைக்கணும்.”

பின்னாலேயே வந்த மற்றவர்களும் அதையேதான் கேட்டார்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பம் வைத்துக் கொடுத்தேன். டீச்சரம்மா காசு நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மத்தியானத்துக்குள் அலமாரி காலியாகிவிட்டது. பானை மாவு மட்டும் அப்படியே பொங்கிக்கொண்டிருந்தது.