நாலாவது வந்தவரின் மனு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் எங்கள் அபார்ட்மென்டின் கீழ்வீட்டில் ஒரு போலந்துக்காரர் இருந்தார். ஸ்பீட்வே பந்தயம்தான் அவருக்குத் தொழில். பிரேக்கே இல்லாத பைக்கில் நாலு பேர் மண் தரையில் நாலு சுற்று வருவார்கள். இடது பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகவா ஒரு மனிதர் தோள் எலும்பை மூன்று முறை உடைத்துக்கொண்டார் என்று எனக்குச் சிரிப்பு. நான் எம்.எஸ். படித்தவன் அல்லவா! பதினாலு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன்.

மகளுக்கு அடுத்த வருடம் இருபத்தொன்று. அதற்குள் கார்டு வராவிட்டால் என் வரிசையிலிருந்து அவள் கழன்றுவிடுவாள். அதனால் ‘அசாதாரணத் திறமை’ உள்ளவர்களுக்கான மனுவை நானும் போட்டிருந்தேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதில்தான் விழுந்து கிடந்தார்கள். விருது, நடுவர் பதவி, பாராட்டுக் கடிதம் என்று திறமைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். இவர் நடத்தும் போட்டிக்கு அவர் நடுவர், அவருக்கு இவர் பாராட்டுக் கடிதம். பணம் கட்டினால் கண்ணாடிக் கோப்பை வீட்டுக்கே வந்துவிடும். என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கே கூசும்.

போலந்துக்காரரும் அதே மனுவைப் போட வேண்டியிருந்தது. ஆங்கிலம் தடுமாறும் என்பதால் என்னிடம் வந்தார். இளக்காரமாகத்தான் ஒப்புக்கொண்டேன். ‘உலகப் புகழ்பெற்ற’, ‘ஈடு இணையற்ற’ என்று நாலு பக்கம் அளந்துவிட்டேன். அவர் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துவிட்டார்.

“அந்த ஓட்டத்தில் நான் நாலாவது. அப்படியே எழுதுங்கள். நாலாவதுக்குப் புள்ளி பூஜ்யம்.”

“பூஜ்யம் வாங்கியவருக்கு யார் கார்டு கொடுப்பார்கள்?” என்றேன்.

சமையலறையிலிருந்து மனைவி தமிழில் குரல் கொடுத்தாள். “அவர் சொல்றதையே டைப் பண்ணுங்களேன். உங்க பில்டப்பை உங்க ஃபைல்லயே வெச்சுக்கோங்க.”

எந்த ஊர், எந்த மைதானம், எத்தனையாவது இடம், எந்த எலும்பு. முதலாவது வந்த ஓட்டங்களும் நிறைய இருந்தன, அவற்றையும் அதே குரலில்தான் சொன்னார். ஒன்றரைப் பக்கத்தில் அந்த மனிதரின் பிழைப்பு அடங்கிவிட்டது. இது தேறாது என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

தேறிவிட்டது. கேக்கோடு மேலே வந்தார். அதே வாரம் எனக்கும் கடிதம் வந்திருந்தது. கூடுதல் ஆதாரம் வேண்டுமாம். ‘இவற்றில் நீங்கள் செய்தது என்ன?’ என்று கேட்டிருந்தார்கள்.

“எனக்கு உதவினீர்கள். நான் பார்க்கிறேன்,” என்று என் மனுவை இழுத்துக்கொண்டார்.

“இந்தப் போட்டியில் நீங்கள் கலந்துகொண்டீர்களா?”

“இல்லை, நடுவர்.”

“எத்தனை பேர் போட்டியிட்டார்கள்?”

“யாரும் வரவில்லை.”

அடித்தார். கோப்பையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன், அதையும் அடித்தார். பாராட்டுக் கடிதங்களை எழுதியது யார் என்றார். நான்தான் என்றேன். பேனா நிற்கவில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். கடைசியில் என் பெயர், விலாசம், மகளின் பிறந்த தேதி, இவைதான் அடிபடாமல் இருந்தன.

அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இடது பக்கம் திரும்புகிறவர் என் தோளில் கை வைத்து, “பரவாயில்லை, நானும் பூஜ்யம் வாங்கியிருக்கிறேன்,” என்றார்.