மூக்கில்லாத வீரரும் மணிக்கொரு ஜெபமும்

கிளெனிஸ் ஆல்ட்கிராஃப்ட் எங்கள் ஊர்ப் பேராலயத்தைச் சுற்றிக் காட்டும் தொண்டர்களில் ஒருவர். அதற்கு முன்பு பள்ளி உணவுக்கூடத்தில் அவித்த பட்டாணி பரிமாறினார். என் தட்டிலும் விழுந்திருக்கிறது. வேண்டாம் என்றாலும் விழும். அதே உறுதியோடுதான் இப்போது வரலாறு பரிமாறுகிறார்.

இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. தோளில் குறுக்காக ஒரு பச்சை நாடா, அவ்வளவுதான். வட இங்கிலாந்தின் மழையில் ஊறிப்போன எங்கள் ஊரில், ஓய்வு பெற்றவர்கள் அந்த நாடாவுக்காக முட்டி மோதுவதைப் பார்த்தால் அரச கிரீடத்துக்கே பொறாமை வரும். கிளெனிஸுக்கு அது இன்னும் அவசியம். நாடா போனால் வாரம் முழுக்க வீட்டில் கணவர் பேசிலோடு இருக்க வேண்டும். பேசில் அட்டைத் துண்டுகளை இணைத்துப் படம் சேர்ப்பவர். எல்லாப் படமும் நீராவி ரயில். "வானத்துத் துண்டு ஒண்ணு காணோம்" என்பதுதான் அவர் பேசும் மிக நீளமான வாக்கியம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வரலாற்றுப் பட்டம். அது எனக்குத் தேடித் தந்த வேலை, கையில் பென்சிலோடு சுற்றுலாக் கூட்டத்தின் பின்னால் நடந்து, வழிகாட்டிகள் சொல்லும் பிழைகளைக் குறித்துக்கொள்வது. புதிதாக வந்த பாதிரியார் கேனன் பெட்டிஃபருக்கு வழிகாட்டிகள் கதை விடுவது பிடிக்கவில்லை.

"ஒரு பொய் போதும். நாடாவைத் திரும்ப வாங்கிடுவோம்" என்றார். பைபிளில் மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் உயிரோடு இருந்தவரைப் பற்றி முந்தின ஞாயிறு பிரசங்கம் செய்ததும் அவர்தான்.

கிளெனிஸின் புகழ்பெற்ற பொய், கல்லறை மேல் படுத்திருக்கும் மூக்கில்லாத கல் வீரர். போரிலிருந்து திரும்பிய இரவு தூக்கத்தில் வேறொருத்தி பெயரைச் சொன்னாராம், மனைவி கடித்துவிட்டாளாம், சிற்பியும் உள்ளதை உள்ளபடி செதுக்கினானாம். எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார்: "இது எங்கே எழுதியிருக்கு?"

அங்கேதான் கிளெனிஸின் திறமை. எங்கள் பேராலயத்தில் மணிக்கொரு முறை ஒலிபெருக்கியில் ஒரு பாதிரியார் எல்லோரையும் நிற்கச் சொல்லி ஜெபம் செய்வார். கிளெனிஸ் தன் நடையை எப்படியோ அளந்து, அந்தக் கேள்வியும் ஜெபமும் ஒன்றாக வந்து விழும்படி செய்துவிடுவார். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். 'ஆமென்' சொல்லித் திறக்கும்போது அவர் அடுத்த தூணருகே நிற்பார். கடவுளை இவ்வளவு கச்சிதமாக வேலை வாங்கிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

சோதனை நாளன்று அவர் என் பென்சிலைப் பார்த்தார். "பட்டாணிக்குப் பழிவாங்க வந்தியா, கண்ணு?"

"கேனன் அனுப்பினார்."

"அப்போ ரெண்டு பேருக்குமா நான் நல்லாப் பேசுறேன்."

கல் வீரர் வந்தார். மனைவி கடித்தாள். ஒரு டச்சு ஆசிரியை கை தூக்கினார். "எங்கே எழுதியிருக்கு?"

மணி அடித்தது. கிளெனிஸ் பக்தியோடு கைகூப்பிக் கண்ணை மூடினார்.

ஒன்றும் வரவில்லை. அன்று காலையில்தான் ஒலிபெருக்கி பழுதாகியிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தார். ஆசிரியை இன்னும் கையை இறக்கவில்லை. திறந்த கண் என் பென்சிலில் வந்து நின்றது. அதில் பேசிலும், ரயிலும், தொலைந்த வானமும் தெரிந்தன.

"தெரியாதுங்க" என்றார். "மூக்கு எப்படிப் போச்சுன்னு யாருக்குமே தெரியாது. மனைவி கதை நான் விட்டது."

அதன்பின் அவரைப் பயம் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி யார் செய்தது? தெரியாது. இந்தத் தூண் ஏன் சாய்ந்திருக்கிறது? தெரியாது. சீக்கிரமே கூட்டம் தேநீர்க் கடைப் பக்கம் கரைந்துபோனது.

கேனனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "ஒரு பொய்தான், அதையும் தானே திருத்திட்டாங்க. அப்புறம் ஒரு பிழைகூட இல்ல! இதுதான் முன்மாதிரி. நாடா அவங்ககிட்டயே இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பல்கலைக்கழகம் எனக்கும் இதற்குத்தானே பட்டம் கொடுத்தது? 'தெரியாது' என்பதைப் பக்கம் பக்கமாக, அடிக்குறிப்புகளோடு எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதைக் கேட்கக் காத்திருந்தவர் யாருமில்லை.

கிளெனிஸ் வாசலில் நாடாவைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாஸா? அப்போ இனிமே தினமும் இப்படித்தான் பேசணுமா?" நாடா தப்பிய சந்தோஷம் முகத்தில் அரை நொடிகூடத் தங்கவில்லை. "இதுக்குப் பேசில் தேவலையே, கண்ணு."

"ஒலிபெருக்கியைச் சரிபண்ண நாளைக்கு ஆள் வர்றாங்க" என்றேன்.

அவர் நாடாவை விரித்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.